அட்டைக்கு உப்பு

கடனட்டையால் கெட்டவர்கள் பலர் பலதை இழந்திருக்கிறார்கள். சிலருக்கு நகை போயிற்று, சிலருக்குக் காணி, சிலருக்கு நித்திரை. எனக்குப் போனது வலது காலின் கெண்டைச் சதையில் இருந்த மயிர். அந்த இடத்தில் இன்றைக்கும் அது சரியாக முளைக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். (வயது போனால் எல்லாருக்கும் அப்படித்தான் என்பது மனைவியின் அபிப்பிராயம். என் காலுக்காக அவள் ஒருபோதும் இரங்கியவள் அல்ல.)

அந்தக் காலத்து என்னை முதலில் உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். முப்பத்திரண்டு வயது. கிளிநொச்சியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளர். (ஊர்க் கதையில் கிளாக்கர். அந்தச் சொல் அப்போது என் வாயில் வரவே வராது.) வட்டக்கச்சியில் வீடு. அப்பப்பா யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துத் திட்டத்தில் காணி கிடைக்கிறதென்று வந்து காடு வெட்டியவர். அப்பா அந்தக் காணியை உழுதவர். நான் அந்தக் காணியின் வரம்பில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்று படம் எடுத்து, முகநூலில் ‘விவசாயி மகன்’ என்று போட்டவன். பரம்பரை எப்படித் தேய்ந்துகொண்டு வந்தது என்று உங்களுக்கு விளங்கும்.

இந்தப் பெரிய மனிதனைத் தேடித்தான் ஒருநாள் ஒரு வங்கியின் பையன் வந்தான். சித்திரை வெயிலில் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வருகிற மனிதனைக் கண்டால் கிளிநொச்சியில் நாய்கூடச் சந்தேகப்படும். நான் கதிரையை இழுத்துப் போட்டேன்.

“இது எல்லாருக்கும் குடுக்கிறேல்லை சேர். உங்களை மாதிரி ஆக்களுக்குத்தான்” என்றான்.

என்னை மாதிரி ஆக்கள் அந்த அலுவலகத்தில் மட்டும் பதினாறு பேர் இருந்தோம் என்பது பின்னேரம் சாரதியும் தன்னுடைய விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்தபோதுதான் தெரிந்தது. அப்போதும் எனக்கு ரோசம் வரவில்லை. அட்டை வந்த அன்று அதைப் பேர்ஸில் வைத்து, பேர்ஸைத் திறந்தால் முதலில் அதுதான் தெரிய வேண்டும் என்று மனைவியின் படத்தைப் பின்னால் தள்ளினேன். அந்த ஒரு காரியத்துக்கே எனக்கு வந்தது வந்திருக்க வேண்டும்.

என்ன வாங்கினேன் என்று கேட்காதீர்கள். கேட்டால் சொல்லத்தான் வேண்டியிருக்கும். ஒரு டொக்டர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, “தம்பி, நடவும்” என்றார். அவர் சொன்னது காசில்லாத காரியம். எங்கள் வீட்டு வாசலில் இருந்து வாய்க்கால் ஓரமாக இரணைமடுக் குளம் வரைக்கும் நடக்கலாம், ஒருவரும் ரிக்கற் கேட்கமாட்டார்கள். நான் போய் நடப்பதற்கும் ஓடுவதற்கும் மின்சாரத்தில் வேலை செய்கிற ஒரு மெஷினை, வட்டியில்லாத் தவணை என்று சொல்லி, கடனட்டையில் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மனைவி சுகந்தி அதைச் சுற்றி ஒருமுறை வந்து பார்த்தாள்.

“வட்டக்கச்சியிலை ஓடுறதுக்கு மெஷின் வேணுமே? பக்கத்து வீட்டு நாயை அவிட்டுவிட்டால் காணாதோ?”

நான் அவளை மன்னித்தேன். உலக நடப்பு அவளுக்கு எங்கே தெரியும் என்பது என் எண்ணம். இரண்டு கிழமை ஓடினேன். மூன்றாவது கிழமை அதன் கைபிடியில் துவாய் காயப்போட்டேன். பிறகு சுகந்தி அதன்மேல் செத்தல் மிளகாய் பரப்பத் தொடங்கினாள். ஒருநாள் தெரியாமல் நான் சுவிட்சைப் போட, மிளகாய் முழுதும் ஒழுங்காக ஓடிப்போய்ச் சுவரில் முட்டியது. அந்த மெஷினில் யாராவது உருப்படியாக ஓடினார்கள் என்றால் அது அந்த மிளகாய்தான்.

மெஷினோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பிறகு பெரிய ரீவி. பிறகு என் கையைவிடப் பெரிய கைப்பேசி. மாதம் மாதம் வருகிற கணக்கில் இரண்டு தொகை இருக்கும். ஒன்று முழுத்தொகை, அதை நான் பார்ப்பதில்லை. மற்றது ஆகக்குறைந்த கொடுப்பனவு. அதைப் பார்த்ததும் வங்கியின்மேல் எனக்கு ஒரு பாசம் வரும். ‘இவ்வளவு கட்டினாப் போதும், மிச்சத்தைப் பிறகு பாப்பம்’ என்று கூடப்பிறந்தவன்கூடச் சொல்லமாட்டான் அல்லவா? மிச்சத்தை அவர்கள் பிறகு எப்படிப் பார்த்தார்கள் என்பது வேறு கதை.

அது ஏறிக்கொண்டு போனபோது, அதைக் கட்டுவதற்கு இன்னொரு வங்கியில் இன்னொரு அட்டை எடுத்தேன். முதலாவதை இரண்டாவதால் கட்டி, இரண்டாவதை முதலாவதால் கட்டி, சில மாதம் மகா கெட்டிக்காரனாக வாழ்ந்தேன். பிறகு இரண்டும் நிரம்பின. அதன்பிறகு ஆகக்குறைந்த கொடுப்பனவுகூட இடையிடையே தவறியது. இது ஒன்றும் சுகந்திக்குத் தெரியாது. சம்பளத்தில் ஏதோ ‘வெட்டுகிறார்கள்’ என்று சொல்லி வைத்திருந்தேன். அவள் முன்பள்ளி ஆசிரியை. தன்னுடைய சின்னச் சம்பளத்தில் அரிசியும் மீனும் வாங்கிக்கொண்டிருந்தாள்.

இந்த லட்சணத்தில்தான் மாமா வந்தார்.

மாமா என்றால் சுகந்தியின் தகப்பன். மலையகத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, இளவட்டத்தில் குடும்பத்தோடு வன்னிக்கு வந்து, கூலிக்கு வேலை செய்து, குத்தகைக்கு வயல் செய்து, கடைசியில் சொந்தமாக ஒரு துண்டு வயல் வாங்கியவர். எங்கள் பக்கத்துச் சொந்தக்காரர் சிலர் இந்தக் கலியாணத்துக்கு மூக்கைச் சுளித்தார்கள். நான் ஏதோ பெரிய மனது பண்ணிச் சம்மதித்தவன்போல நடந்துகொண்டேன். அந்தக் கலியாணத்தில் ஒருவருக்கும் ஒரு சதமும் கடன் வைக்காமல் நின்ற ஒரே மனிதர் அவர்தான் என்பதை நான் யோசித்ததே இல்லை. (சுகந்தி எங்களோடு கதைத்தால் ‘ஓம்’, தகப்பனோடு கதைத்தால் ‘ஆமா’. கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும்.)

வந்தவர் கதிரையின் நுனியில் இருந்தார். மகளிடம்கூட ஒன்றும் கேட்காத மனிதர், கேட்கவந்தால் இருக்கத் தெரியாது.

“மாப்ள, ஒரு ஒதவி. முடியலன்னா பரவால்ல.”

“சொல்லுங்கோ மாமா.”

“ரெண்டு சில்லு மிசினு ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். பேங்குல கடன் தர்றாங்களாம். கவுருமெந்து வேலையில இருக்க ஆளு ரெண்டு பேரு பிணை நிக்கணுமாம். ஒரு வாத்தியாரு ஒத்துக்கிட்டாரு. இன்னொண்ணு... நம்ம மாப்ள இருக்காருன்னு சொல்லிட்டேன்.”

அவருக்கு அந்த உழவு மெஷின் எவ்வளவு முக்கியம் என்று எனக்கு வடிவாகத் தெரியும். ஐப்பசியில் மழை விழுந்தால் எல்லாருக்கும் ஒரே கிழமையில் மெஷின் வேண்டும். வாடகை மெஷின்காரர் முதலில் தன் வயலை உழுவார், பிறகு தன் சொந்தக்காரர் வயலை, பிறகு கூடக் காசு தருகிறவர் வயலை. மாமாவின் வயல் எப்போதும் கடைசி. ஒவ்வொரு காலபோகமும், அதுதான் மாரி வெள்ளாமை, விதைப்பில் பிந்தி, ஊர் அறுவடையில் நிற்கும்போது அவருடைய பயிர் பச்சையாக நின்று தண்ணீருக்கு ஏங்கும். சொந்த மெஷின் என்றால் அவர் முதல் மழைக்கே இறங்கலாம்.

எங்கள் பக்கத்தில் அரசாங்க உத்தியோகத்தனுக்குச் சம்பளம் வருவது அலுவலகத்தில் இருப்பதற்கு, மரியாதை வருவது பிணை நிற்பதற்கு. பிணை நிற்காத உத்தியோகத்தனைக் கோயிலில்கூட முன்னுக்குக் கூப்பிடமாட்டார்கள். ‘மாமா, எனக்கே வழியில்லை’ என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். அவர் வேறு ஆள் தேடியிருப்பார். நான் நெஞ்சை நிமிர்த்தி, “இதுக்கெல்லாம் கேக்க வேணுமே மாமா, நான் வாறன்” என்றேன். சுகந்தி குசினியில் இருந்து எட்டிப் பார்த்து என்னைப் பெருமையாகப் பார்த்தாள். அந்தப் பார்வை கிடைத்துக் கனகாலம் ஆகியிருந்தது.

எனக்கு ஒரு தைரியமும் இருந்தது. என் அட்டைகள் வேறு வங்கிகளுடையவை. வங்கிகள் எல்லாம், வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை பிடித்த வீட்டுக்காரர் மாதிரி, ஒன்றோடு ஒன்று கதைக்காது என்று நம்பினேன். பிணை நிற்க வருகிறவனின் பெயரைத் தட்டினால், அவன் எங்கெங்கே யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரே திரையில் வரும் என்பது அலுவலகத்தில் கூட்டுகிற மனிதருக்குக்கூடத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது.

வங்கிக்குப் போன அன்று மாமா வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சேர்ட்டும். நான் நீளக் களிசான், சப்பாத்து, கோட் ஒன்றுதான் குறை. உள்ளே நல்ல சனம். கடன் பகுதியில் ஒரு பெண் உத்தியோகத்தர் இருந்தார். எங்கள் பக்கத்து ஆள்தான், தன்மையாகக் கதைத்தார். என் அடையாள அட்டையை வாங்கி இலக்கத்தைத் தட்டினார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் திரையைப் பார்த்தார்.

“சேர், உங்கட பேரிலை ரெண்டு கடனட்டை நிலுவையிலை இருக்கு” என்றார் மெதுவாக.

மாமாவுக்கு ஒரு காது மந்தம். மற்றக் காது தனக்குத் தெரிந்த சொல்லை மட்டும் பிடிக்கும்.

“என்னாங்க மிஸ்? மாப்ளைக்கு என்னா?”

அந்த உத்தியோகத்தப் பிள்ளை முதியவருக்கு விளங்கட்டும் என்று சத்தமாகவும் சுருக்கமாகவும் சொன்னார்.

“அட்டை, ஐயா. ரெண்டு அட்டை!”

தேயிலை மலையில் பிறந்த மனிதருக்கு அட்டை என்றால் ஒன்றே ஒன்றுதான். கொழுந்து எடுக்கப் போகிற காலில் ஏறி, சத்தம் போடாமல் இரத்தம் குடிக்கிறது. மாமாவின் முகம் மாறியது.

“அட்டையா! ரெண்டா! எவ்வளவு நாளா மிஸ்?”

“மூண்டு வருசத்துக்குக் கிட்ட, ஐயா.”

“மூணு வருசமா? விடாம உறிஞ்சிக்கிட்டா இருக்கு?”

“ஓம் ஐயா” என்றார் அந்தப் பிள்ளை கவலையோடு. இந்த முதியவர் எவ்வளவு சரியாக விளங்கிவைத்திருக்கிறார் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். “மாசாமாசம் கூடிக்கொண்டுதான் போகுது. இவர் இடைக்கிடை கொஞ்சம் கட்டுறார். அது காணாது.”

“கட்டுனா போவுமா மிஸ்? அட்டைக்குப் போயி யாராச்சும் கட்டுப் போடுவாங்களா?”

வரிசையில் நின்ற சனம் முழுதும் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. மாமா குனிந்தார். வங்கியின் நடுவில், குளிரூட்டிக்குக் கீழே, என் களிசானின் காலைப் பிடித்து முழங்கால் வரைக்கும் உயர்த்தினார்.

“எந்தக் கால் மாப்ள?”

இந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும்? ‘மாமா, அது பூச்சியில்லை, வங்கிக் காட். நான் கடன்காரன்’ என்று சொல்ல வேண்டும். ஒரு நிமிட அவமானம். என் மூளை இரண்டையும் நிறுத்துப் பார்த்தது. ஒரு பக்கம் கடன்காரன். மற்றப் பக்கம் மூன்று வருடமாக அட்டை கடித்துக்கொண்டிருப்பது தெரியாத ஒரு மனிதன். இரண்டாவதுதான் கௌரவம் என்று முடிவு கட்டினேன்.

“வலது கால், மாமா” என்றேன்.

கதையில் நான் மிகவும் கேவலமாக நின்ற இடம் எது என்று கேட்டால், இதுதான். களிசான் உயர்ந்திருந்தது அதற்கு அடுத்ததுதான்.

“உப்பு! யாராச்சும் கொஞ்சம் உப்பு கொண்டாங்க!” என்று மாமா சத்தம் வைத்தார். வங்கிக் காவலாளி துடியான மனிதர். உள்ளே ஓடி, உத்தியோகத்தர்கள் சாப்பிடுகிற அறையிலிருந்து ஒரு போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தார். அது மாங்காய் வெட்டித் தின்பதற்கு அவர்கள் கலந்து வைத்திருந்தது. கல்லுப்பும் மிளகாய்த்தூளும்.

மாமா போத்தலைக் கையில் கொட்டிப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். முன்னுக்கும் பின்னுக்கும் திருப்பிப் பார்த்தார். உத்தியோகத்தப் பிள்ளையின் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைக் கதிரையில் இருத்தி, காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு தேய்த்தார்.

என்ன தேய்ப்பு! தேர் வடம் இழுத்த கை அது, மண்வெட்டி பிடித்த கை. கல்லுப்பு சதையை உழுதுகொண்டு போக, பின்னால் மிளகாய்த்தூள் விதைத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் முட்டியது. சத்தம் போடவும் வழியில்லை, அட்டை கடித்த மனிதன் நன்றியோடு அல்லவா இருக்க வேண்டும்? “போதும் மாமா, விழுந்திட்டுது போல” என்றேன். “இருங்க மாப்ள, வேரு உள்ளாரதான் இருக்கும்” என்று இன்னும் அமத்தினார். என்மேல் இவருக்கு எவ்வளவு பாசம் என்று அந்த எரிவிலும் நான் உருகினேன்.

உத்தியோகத்தப் பிள்ளைக்கு இதற்குள் என்ன நடக்கிறது என்று விளங்கிவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு, திரையை மெல்ல மற்றப் பக்கம் திருப்பினார். பிறகு குரலைச் சரிசெய்து சொன்னார்.

“ஐயா, இவர் இப்போதைக்குப் பிணை நிக்கேலாது. வேறை ஒராளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

“ஆமா மிஸ்” என்றார் மாமா என் காலை இறக்கிவிட்டு. “இந்தக் கால வச்சிக்கிட்டு எப்பிடி நிப்பாரு?”

வேறு ஆள் கிடைக்கவில்லை. தெரிந்த உத்தியோகத்தர்கள் எல்லாரும் ஏற்கெனவே யாருக்கோ நின்றிருந்தார்கள். பார்த்து வைத்த மெஷினை, முள்ளியவளையில் இருந்து வந்த ஒருவர் காசோடு வந்து ஏற்றிக்கொண்டு போனார். மாமா அதைப்பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

வங்கிக்குப் போன அன்று பின்னேரமே படலையில் நின்று சுகந்தியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு மாமா போனார். அவள் உள்ளே வந்து என் முன்னால் நின்றாள்.

“வயலுக்குள்ளை இறங்காத ஆள் நீங்கள். வரம்பிலை நிண்டு படம் எடுக்கிற உங்களுக்கு எங்கையால அட்டை வந்தது?”

“அது... ஒபிஸுக்குப் பின்னாலை ஒரு பத்தைக் காடு...”

“காலைக் காட்டுங்கோ.”

காட்டினேன். சிவப்பாக வெந்திருந்தது. கடித்த அடையாளம் ஒன்றும் இல்லை. அதன்பிறகு நான் பொய் சொல்ல முயற்சி செய்யவில்லை. முயற்சி செய்தேன், அவள் விடவில்லை. பேர்ஸை வாங்கித் திறந்தாள். இரண்டு அட்டையும் முன்னால் இருந்தன. அவளுடைய படம் பின்னால் இருந்தது. அதை அவள் கண்டாள்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நல்லது.

“அப்பா ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேக்காத மனுசன்” என்றாள். “வாழ்க்கையிலை ஒருக்கா கேட்டவர். உங்களைத்தான் கேட்டவர்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. காலைவிட அதுதான் எரிந்தது. நின்ற இடத்திலேயே ஓடுகிற ஒரு மெஷினுக்காக, வயலில் ஓட வேண்டிய ஒரு மெஷினைத் தொலைத்தவன் நான்.

அவள் குசினிக்குப் போய், கல்லுப்புப் போத்தலை எடுத்து, இரண்டு அட்டையையும் உள்ளே செருகி மூடினாள். “வெட்டி எறிவமே?” என்று கேட்டேன். எங்கேயோ ஒரு காணொளியில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். “வெட்டினால் துலைஞ்சுபோச்செண்டு சொல்லிப் புதுசு எடுப்பியள். இது இஞ்சை கிடக்கட்டும். நான் கறிக்கு உப்புப் போடேக்கை எல்லாம் பாக்க வேணும்.” அதன்பிறகு எங்கள் வீட்டுக் கறியில் உப்பு கொஞ்சம் கூடத்தான். கோபத்தில் போடுகிற உப்புக்கு அளவு ஏது?

கடன் கட்டுவது எப்படி என்று நான் பார்த்த காணொளிகளில் எல்லாம் கோட் போட்டவர்கள் படம் கீறி விளக்குவார்கள். சுகந்தி ஒரு படமும் கீறவில்லை. முதலில் ஓடுகிற மெஷின் போக வேண்டும் என்றாள். கிளிநொச்சியில் புதிதாகத் திறந்த உடற்பயிற்சிக் கூடம் ஒன்று, வாங்கிய விலையில் மூன்றிலொரு பங்குக்கு, ஏதோ எனக்கு உதவி செய்வதுபோல வாங்கியது. அதை ஏற்றிக்கொண்டு போக வந்தது என்ன வாகனம் தெரியுமா? வாடகைக்குப் பிடித்த இரண்டு சில்லு மெஷினும் பெட்டியும். ஏற்றுவதற்குக் கைகொடுக்க மாமாவும் வந்தார். ஏற்றி முடித்துவிட்டு, அந்த உழவு மெஷினின் கைபிடியை ஒருமுறை தடவினார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

பிறகு ரீவி போனது. என் பெரிய கைப்பேசி போய், பொத்தான் அமத்துகிற ஒன்று வந்தது. மோட்டார் சைக்கிள் வீட்டில் நின்றது. வட்டக்கச்சியில் இருந்து கிளிநொச்சிக்குத் துவிச்சக்கர வண்டியில் போனேன். மத்தியானம் கடைச் சோறு இல்லை, உப்புக் கூடின வீட்டுச் சோறு. எந்த மெஷினாலும் குறையாத வயிறு ஆறு மாதத்தில் தானாக உள்ளே போயிற்று. டொக்டர் கண்டு, “மெஷின் நல்லா வேலை செய்யுது போல” என்றார். “ஓம் டொக்டர், வித்தாப் பிறகு” என்றேன்.

சுகந்தியின் சட்டம் இவ்வளவுதான். பெரிய அட்டைக்கு ஆகக்குறைந்ததைத் தவறாமல் கட்டு. மிச்சம் பிடிக்கிற அத்தனையையும் சின்ன அட்டையில் போடு. சின்னது விழுந்தால் அதற்குப் போட்ட காசையும் சேர்த்துப் பெரியதில் போடு. சம்பளம் வருகிற அன்று என் கூடவே வந்து, காசை எடுத்து, கட்டி, மிச்சத்தில் எனக்குத் தேத்தண்ணிக் காசு தருவாள். என்னோடு வேலை செய்கிறவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். (அந்தப் பதினாறு பேரில் சிரிக்கிற தகுதி இரண்டு பேருக்குக்கூட இருக்கவில்லை. அதுவும் எனக்குத் தெரியும்.)

மாமாவுக்கு மட்டும் உண்மையைச் சொல்ல நான் விடவில்லை. நாய் வாலைக்கூட நிமிர்த்தலாம், எனக்கு அந்தக் கௌரவத்தை விடமுடியவில்லை. அவர் வந்தால் முதல் கேள்வி, “அட்டை எப்பிடி மாப்ள?” என்பதுதான். “பரவாயில்லை மாமா” என்பேன். ஒருநாள் சின்ன அட்டையின் கடைசிக் காசைக் கட்டிவிட்டு வந்த சந்தோசத்தில், “சின்னது விழுந்திட்டுது மாமா!” என்று சொல்லிவிட்டேன்.

“அப்பிடியா? பெருசு?”

“அது இன்னும் இருக்கு.”

“வயித்த நெறச்சிக்கிட்டு இருக்கும். அவசரப்பட்டுப் புடுங்காதீங்க, வாயி உள்ளார நின்னுரும்” என்று முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் சொன்னார். சுகந்தி குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே ஏதோ சட்டி விழுந்தது.

அந்தக் காலபோகம் மாமாவுக்கு நான் பயந்தபடியே போனது. வாடகை மெஷின் கடைசியாக வந்தது. விதைப்புப் பிந்தியது. ஊர் நெல்லுக் காயப்போட்டபோது அவர் வாய்க்காலில் தண்ணீர் கேட்டு நின்றார். நான் சனி ஞாயிறுகளில் களிசானைக் கழற்றிவிட்டுச் சாரத்தோடு அவருடைய வயலில் இறங்கினேன். நன்றாகச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். புல் பிடுங்கப் போய் நெல்லும் பிடுங்கினேன். அவர் பின்னால் வந்து அதைத் திரும்ப நட்டார்.

அடுத்த காலபோகத்துக்கு முன்பு பெரிய அட்டையும் முடிந்தது. சுகந்தி உப்புப் போத்தலைத் திறந்து இரண்டையும் எடுத்தாள். அட்டைகளின் முன்பக்கத்துப் பொன்னிற ‘சிப்’ துண்டு பச்சையாகப் பூத்துப்போயிருந்தது. இப்போது வெட்டலாம் என்று கத்திரிக்கோலைத் தந்தாள். வங்கிக்கு அறிவித்து மூடுவதையும் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

நாங்கள் திரும்ப அதே வங்கிக்குப் போனோம். அதே வெள்ளைச் சாரம், அதே உத்தியோகத்தர். இந்த முறை சுகந்தியும் வந்தாள். அந்தப் பிள்ளை என் இலக்கத்தைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தார். சிரித்தார்.

“ரெண்டும் முடிஞ்சுது சேர். நீங்கள் பிணை நிக்கலாம்.”

என் வாழ்க்கையில் நான் வைத்த கையெழுத்துகளில் நல்ல கையெழுத்து அதுதான். மாமா தன்னுடையதை எழுத்துக் கூட்டி வைத்தார். பேனையை மூடி, இரண்டு கையாலும் அந்தப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்து டை கட்டிய ஒரு பையன் கைநிறையப் படிவங்களோடு எங்கள் பக்கம் வந்தான். இந்த வங்கியின் ஆள், வேறு பையன், அதே டை.

“சேர், உங்கட பேர் இப்ப நல்லா இருக்காம். புதுசா ஒரு கடனட்டை போடுவமே? எல்லாருக்கும் குடுக்கிறேல்லை...”

நான் வாய் திறக்க முதல் மாமா குனிந்தார். என் களிசானின் வலது காலைப் பிடித்து முழங்கால் வரைக்கும் உயர்த்தி, கெண்டைச் சதையை அந்தப் பையனுக்குத் திருப்பிக் காட்டினார்.

“எந்த எடத்துல கடிக்கிறதுன்னு பாத்துச் சொல்லுங்க தம்பி. நான் உப்பு எடுத்துக்கிட்டு வர்றேன்.”

பையன் போன வழி தெரியவில்லை. உத்தியோகத்தப் பிள்ளை மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். சுகந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் மட்டும், ஒரு கால் களிசானும் ஒரு கால் வெறுமையுமாக, மாமாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“மாமா... உங்களுக்கு எப்ப தெரியும்?”

“அன்னிக்கே தெரியுமே.” களிசானை இறக்கி, மடிப்பை ஒழுங்காக நீவிவிட்டார். “அட்டை கடிச்ச கால நான் பாத்ததில்லையா? கால்ல ஒரு புள்ளி இல்ல. மொதல்ல நெசமா பயந்துதான் போனேன். கால பாத்தப்பறம் அந்த மிஸ்ஸு மொகத்த பாத்தேன். வெளங்கிருச்சு.”

“பிறகேன் மாமா உப்புத் தேய்ச்சனீங்கள்?”

“கோவத்துல.”

“அதுக்குள்ளை மிளகாய்த்தூள் இருந்தது...”

“ஆமா. பாத்துட்டுத்தான் தேச்சேன்.”

அவருடைய மெஷின் இப்போது வட்டக்கச்சியில் முதல் மழைக்கு முதல் ஆளாக இறங்குகிறது. கடனும் கட்டி முடிந்துவிட்டது, ஒரு தவணை பிந்தவில்லை. என்னை ஒருநாளும் வங்கி தேடவில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் நான் நீளக் களிசான் போட்டுக்கொண்டு டவுனுக்கு வெளிக்கிட்டால், மகள் படலையை மறித்துக்கொண்டு நிற்பாள். அவள் பிறக்க முதல் நடந்த கதை. மாமாதான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

“அப்பா, காலைக் காட்டிப்போட்டுப் போங்கோ.”

வலது காலைத் தூக்கிக் காட்டுவேன். அவள் குனிந்து வடிவாகப் பார்த்துவிட்டு, குசினிப் பக்கம் திரும்பி, “அம்மா, ஒண்டும் இல்லை!” என்று சத்தமாக அறிவிப்பாள். அதன்பிறகுதான் படலை திறக்கும்.